கொங்கிறீற்று உடைப்பதற்கேற்ற உளி

வெடித்து நீர் கசியும் பழைய சீமெந்து வாய்க்காலைப் பெயர்த்தெடுக்க மின்சுத்தியலை வாடகைக்குப் பெறும் கமக்காரர், முதலில் அதன் உளியை நோக்குதல் வேண்டும். தடித்த கொங்கிறீற்றைப் பிளப்பதற்குக் கூருளியே ஏற்றது. அடியின் விசை ஒரு புள்ளியிற் குவிந்து வெடிப்பை உண்டாக்கும். அகன்ற உளி விரைவில் வேலை முடிக்குமெனப் பலர் எண்ணுவர். தடித்த தளத்தில் அது மேற்பரப்பைச் சுரண்டுவதோடு நின்றுவிடும். தட்டையுளி ஓரங்களை நேராக வெட்டுவதற்கே உரியது.

நடுவிலே ஆழப் புதைத்த உளி இறுகிவிடும். அதனை நெம்பினால் முறியவுங்கூடும். ஆதலின் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக உடைத்து உட்செல்லல் நன்று. 30 மில்லிமீற்றர் அறுகோணத் தண்டுடைய உளி, 18 மில்லிமீற்றர் வட்டத் தண்டுக்கான இயந்திரத்திற் பொருந்தாது.

கிணற்றுக்கட்டை அண்டிய பகுதியில் மின்சுத்தியலைப் பயன்படுத்தலாகாது. அதிர்வினாற் கட்டு வெடிக்கக்கூடும். அங்கு கையுளியே போதும். கொங்கிறீற்றுத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்குமாதலால், தூசி தடுக்கும் முகமூடியும் கண்ணாடியும் அணியாது வேலையைத் தொடங்கலாகாது.