வளரும் பிள்ளையின் நிறை குறைந்தால்



பறித்த கொழுந்தை நாம் ஒவ்வொரு நாளும் நிறுத்துப் பார்க்கிறோம். ஒரு கிலோ குறைந்தாலும் "ஏன் குறைஞ்சிச்சு?" என்று கேட்கிறோம். ஆனால் நம் பிள்ளையை ஐந்து வயதோடு தராசிலிருந்து இறக்கி விடுகிறோம். பிள்ளை மடுவத்தில் இருந்தவரை மாதாமாதம் நிறை பார்த்தோம், அட்டையில் புள்ளி வைத்தோம். பள்ளிக்கூடம் போனதும் அந்த அட்டை பெட்டிக்குள் போய்விடுகிறது. 10 வயதுக்குப் பிறகுதான் பிள்ளை மறுபடியும் வேகமாக வளர்கிறது. அந்த வயதுப் பிள்ளையின் நிறையைப் பற்றி இந்த மாதம் படிப்போம்.

1. சரியான நிறை எது?

நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, நிறையை உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். 45 கிலோ நிறையும் 1.5 மீற்றர் உயரமும் உள்ளவருக்கு விடை 20. பெரியவர்களுக்கு விடை 18.5 இற்குக் குறைந்தால் நிறை போதாது. வளரும் பிள்ளைக்கு இதை அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, வளர்ச்சி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். குடும்பநல மாதுவிடம் கேளுங்கள்.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். மெலிந்து தெரிவது வேறு, நிறை குறைவது வேறு. பையன் திடீரென்று உயர்ந்தால் ஒல்லியாகத் தெரிவான். அப்போதும் தராசில் நிறை கூடிக்கொண்டுதான் போக வேண்டும். வளர்கிற பிள்ளைக்கு நிறை இறங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

2. நாங்கள் அறிந்த ஒரு பிள்ளை

சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த 15 வயதுப் பிள்ளை. 48 கிலோ இருந்தாள். அவளுடைய உயரத்துக்கு அது சரியான நிறைதான். வகுப்பில் யாரோ "குண்டு" என்று கேலி செய்ததால் இராச் சாப்பாட்டை விட்டாள். காலையில் வெறும் சாயத்தண்ணி. விடியும் முன்னே எழுந்து ரோட்டில் ஓடுவாள். நாலைந்து மாதத்தில் 41 கிலோவுக்கு வந்தாள். முதலில் லயத்தில் எல்லாரும் "இப்பதான் அழகா இருக்கா" என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு இன்னும் குறைத்தாள். பிறகு மாதவிலக்கு நின்றது. "யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்று நூல் கட்டினார்கள். தகப்பன் சத்தம் போட்டார். அவள் சோற்றை ஒளித்து நாய்க்குப் போட்டாள்.

தாய் எங்களிடம் வந்தபின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரத்தச் சோதனையில் வேறு நோய் இல்லை. மனநல ஆலோசனையும் கிடைத்தது. தகப்பன் சத்தம் போடுவதை நிறுத்தினார். தாய் தினமும் கூட உட்கார்ந்து சாப்பிட்டார். நிறை திரும்ப ஏற ஏழெட்டு மாதம் எடுத்தது. நூல் கட்டுவது உங்கள் நம்பிக்கை, கட்டுங்கள். ஆனால் கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போங்கள்.

3. வேறு என்ன காரணம்?

- அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், கூடவே மெலிவு: நீரிழிவாக இருக்கலாம். சின்ன வயதிலும் வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
- இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இராவில் வியர்வை: காசநோய்ச் சோதனை வேண்டும். மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்.
- வயிற்றோட்டம், பூச்சி, தைரொயிட் கோளாறு.
- மனக்கவலை, பயம், யாராவது செய்யும் தொந்தரவு.

மயக்கம் போட்டாலோ, சாப்பிட்டபின் வேண்டுமென்றே வாந்தி எடுத்தாலோ, மாதவிலக்கு நின்றாலோ தாமதிக்க வேண்டாம்.

4. அப்பியாசம் எவ்வளவு?

பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணித்தியாலம் உடல் அசைவு நல்லது. பள்ளிக்கூடத்துக்கு மேடு ஏறி நடப்பதும், கரப்பந்து, வலைப்பந்து, எல்லே விளையாடுவதும் அந்தக் கணக்கில் சேரும். சாப்பிடாமல் ஓடினால் உடம்பு தன் தசையையே கரைத்துக் கொள்ளும். அரைவயிற்றோடு நம்மால் மலை ஏறிக் கொழுந்து எடுக்க முடியுமா? பிள்ளைக்கும் அதே கதைதான்.

உண்மையிலேயே நிறை கூடிய பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். சோடா, இனிப்பு பிஸ்கட், பொரித்த சாமான்களைக் குறைத்து விளையாட விடுங்கள். மெலிய வைக்கும் மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது.

5. சாப்பாடு

மூன்று வேளையும் வேண்டும். ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது. பருப்பு, கடலை, கௌப்பி, நெத்தலி, முட்டை, கீரை இவற்றில் கிடைத்ததைச் சேருங்கள். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

6. எப்படிப் பேசுவது?

"ஏன்டி திங்க மாட்டேங்குற?" என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். "கொஞ்ச நாளா களைப்பா இருக்கிற மாதிரி தெரியுது, என்னம்மா விஷயம்?" என்று தனியாகக் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். குண்டு, ஒல்லி, கறுப்பு என்ற பட்டப் பெயர்கள் வீட்டுக்குள் வேண்டாம். மனம் உடைந்த பிள்ளைக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

இந்த மாதம் ஒரு வேலை செய்வோம். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை டிஸ்பென்சரிக்குக் கூட்டி வந்து நிறையும் உயரமும் பார்த்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கூடியிருந்தால் சந்தோஷம். குறைந்திருந்தால் அந்தக் கொப்பியோடு எங்களிடம் வாருங்கள், நாங்களும் கூடவே கிளினிக்குக்கு வருகிறோம்.