கழுத்தை முறிக்கிற கம்பி

போன மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. ஒருவர் சாமத்தியவீட்டு மேடைக்குப் பின்னால், கையில் கடித்த றோல்ஸோடு. மற்ற இருவர் தொலைபேசியில். நாலு பேருக்கும் ஒரே கேள்வி: "அண்ணை, பழைய பேஸ் கிற்றாருக்குப் பிளாட்வூண்ட் போட்டா கழுத்து முறிஞ்சுபோகுமாமே?"

முறியாது.

நாலாவது ஆள் கேள்வியோடு நின்றிருந்தால் நானும் இந்த ஒரு சொல்லோடு நின்றிருப்பேன். அவர் எழுபது டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய புதுக்கம்பியை இரண்டே நாளில் கழற்றி, வெட்டி, குப்பையில் போட்டுவிட்டுத்தான் எனக்கு அழைத்தார். யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும் சொல்லீனம் அண்ணை." அந்த 'எல்லாரும்' யாரென்று நானும் பத்து வருடமாகத் தேடுகிறேன். மொன்றியலில் இருக்கிற நம் இசைக்குழுக்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இந்த வதந்தி மட்டும் ஒவ்வொரு குழுவிலும் ஒரு நிரந்தர உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறது.

பேஸ் வாசிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டில் வயலின் படிக்கிற பிள்ளை இருந்தால், அந்த வயலினின் தடித்த கம்பியில் நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும். அதே நகத்தை ஒரு சாதாரண பேஸ் கம்பியில் இழுத்தால், சட்டையின் சிப்பை இழுத்ததுபோல 'சர்ர்' என்று கத்தும். இரண்டிலும் நடுவில் ஓர் இழை, அதன்மேல் சுற்றிய ஒரு கம்பி. மேலே சுற்றியது உருண்டைக் கம்பியானால் ரவுண்ட்வூண்ட். நாடாபோலத் தட்டையானதாக இருந்தால் பிளாட்வூண்ட். வித்தியாசம் அவ்வளவுதான். நம் பிள்ளைகள் பலரின் வயலினில் இருக்கிற 'டொமினன்ட்' கம்பியைச் செய்கிற வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் நிறுவனமே பேஸுக்கும் பிளாட்வூண்ட் செய்கிறது. வயலினின் கழுத்து முறிந்துவிடும் என்று இதுவரை எந்த அம்மாவும் என்னிடம் வந்து அழவில்லை.

இப்போது அந்தப் 'பழைய பேஸ்' கதைக்கு வருவோம். லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1951இல். தொழிற்சாலையிலிருந்து அது வரும்போதே அதில் மாட்டியிருந்தவை பிளாட்வூண்ட் கம்பிகள்தான், அதுவும் தடித்தவை. ரவுண்ட்வூண்ட் பேஸ் கம்பி பெயர் எடுத்ததெல்லாம் 1966க்குப் பிறகு. இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம், 'த ஹூ' குழுவின் ஜோன் என்ட்விசிலோடு உட்கார்ந்து அந்தக் கம்பியைத் திருத்தியெடுத்த பிறகு. ஆக, அதற்கு முந்தைய ஒரு ஃபெண்டர் பேஸ் உங்கள் கையில் இருந்தால், அது பிறந்து தவழ்ந்து வளர்ந்ததே பிளாட்வூண்டோடுதான். பழைய பேஸுக்குப் பிளாட்வூண்ட் ஒத்துக்கொள்ளாது என்று சொல்வது, அப்பாச்சிக்குச் சேலை ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதைப் போல.

இந்த ஊரிலேயே சாட்சி உண்டு. 1964 செப்ரெம்பர் 8இல் பீட்டில்ஸ் மொன்றியல் ஃபோரத்தில் ஒரே நாளில் இரண்டு கச்சேரி செய்தார்கள். அட்வாட்டர் மெட்ரோவில் இறங்கி நாம் படம் பார்க்கப் போகிறோமே, அதே கட்டடம். அன்று போல் மக்கார்ட்னி தோளில் தொங்கியது வயலின் உருவில் செய்த ஹொஃப்னர் பேஸ். உள்ளே வெறும் கூடு, தூக்கினால் கோழிக்குஞ்சுப் பாரம், கம்பி பிளாட்வூண்ட். 1963இல் கைக்கு வந்த அந்த ஹொஃப்னரை அவர் இன்றைக்கும் மேடையில் வாசிக்கிறார். கழுத்து எங்கே முறிந்தது?

விபரம் தெரிந்த ஒருவர் இங்கே குறுக்கிடுவார்: ஹொஃப்னரில் கம்பியின் நீளம் 30 அங்குலம்தான், ஃபெண்டரில் 34, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று. நல்ல கேள்வி, இப்படிக் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. கழுத்தை இழுக்கிற விசையைத் தீர்மானிப்பவை மூன்று: கம்பியின் பாரம், நீளம், அதைக் கூட்டியிருக்கிற சுருதி. ஒரே கம்பியை ஒரே சுருதியில் 34 அங்குலத்திலிருந்து 30க்குக் குறைத்தால் இழுவிசை சுமார் 22 வீதம் குறையும். அரைச்சுரம் கீழே இறக்கினால் 11 வீதம் குறையும். தடிப்பு 0.100 அங்குலத்திலிருந்து 0.110 ஆனால் பாரமும் இழுவிசையும் ஏறத்தாழ 21 வீதம் ஏறும். இந்தக் கணக்கில் 'தட்டை', 'உருண்டை' என்று ஒரு சொல்லாவது வருகிறதா? வராது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரே தடிப்பில் எடுத்தால் பிளாட்வூண்ட் கொஞ்சம் பாரமானது. உருண்டைக் கம்பியின் சுற்றுகளுக்கு நடுவே காற்றுக்கு இடமுண்டு, நாடாவில் அது இல்லை. விரலுக்கும் விறைப்பாகத்தான் இருக்கும். அந்த விறைப்பைத்தான் பலர் இழுவிசை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்தச் சின்ன வித்தியாசத்தைத் தடிப்பு ஒரே தாவலில் விழுங்கிவிடும். தோமாஸ்டிக்கின் பிளாட்வூண்ட் கம்பிகள் குறைந்த இழுவிசைக்கே பேர்போனவை. தடித்த ரவுண்ட்வூண்ட் எத்தனையோ அவற்றைவிட அதிகமாக இழுக்கும்.

வதந்தி பிறந்த இடமும் எனக்குத் தெரியும். மோட்டவுன் பாட்டுக் கேட்டு மயங்கிய ஒருவர் அவற்றில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் சத்தம் வேண்டுமென்று புறப்படுகிறார். ஜேமர்சன் மாட்டியது லாபெல்லாவின் 52–110 கம்பி, அதாவது மெல்லியது 0.052, தடித்தது 0.110 அங்குலம், என்று எங்கோ வாசிக்கிறார். வாங்குகிறார். அதுவரை 45–100 மாட்டி, அதற்கேற்றபடி கழுத்தைச் சரிசெய்து வைத்திருந்த பேஸில் அப்படியே மாட்டுகிறார். மெல்லிய கம்பி 45இலிருந்து 52 ஆனாலே அந்த ஒன்றின் இழுப்பு மூன்றிலொரு பங்கு கூடிவிடும். சாதாரண நாலு கம்பியே சேர்ந்து 70, 80 கிலோ, அதாவது ஒரு வளர்ந்த ஆளின் பாரத்துக்கு, கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கும். இப்போது அந்த ஆளின் மடியில் பிள்ளையையும் இருத்தியாயிற்று. கழுத்து முன்னே வளையாமல் என்ன செய்யும்? கழுத்துக்குள் இருக்கிற இரும்புத் தண்டை, ட்ரஸ் ரொட் என்போமே அதை, கால் சுற்று முறுக்கி ஒரு நாள் விட்டிருந்தால் விஷயம் முடிந்தது. அவரோ "பிளாட்வூண்ட் என் கழுத்தை முறித்துவிட்டது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார். முறித்தது தடிப்பு. பழி தட்டைக்கு.

ட்ரஸ் ரொட் தேய்ந்து, இனி முறுக்க இடமில்லாமல் நிற்கிற கிழட்டு பேஸ்களும் உண்டு. அவற்றுக்கு மெல்லிய கம்பிதான் போடவேண்டும், தட்டையோ உருண்டையோ. வலுக்கட்டாயமாக முறுக்காதீர்கள். இருபது வருடத்துக்கு முன் நானே அப்படி முறுக்கி, 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டேன். அது இன்னும் காதில் இருக்கிறது.

சரி, கம்பியைக் குப்பையில் போட்ட அந்தத் தம்பியின் பேஸ் உண்மையிலேயே வளைந்துதான் இருந்தது. எழுபதுகளில் ஜப்பானில் செய்த பிரிசிஷன் நகல், நல்ல சாமான். அது தை மாதம். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு. அவர் கம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருக்க, நான் உள்ளங்கையைக் கழுத்தின் ஓரத்தில் ஓட்டினேன். கழுத்துக்குக் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் அரம்போல அராவின. இரும்பு வளர்வதில்லை தம்பி, மரம் சுருங்கியிருக்கிறது என்றேன். பேஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். காட்டினார். சுவரோடு ஓடுகிற ஹீற்றர், அதற்கு மேலே ஒரு முழ உயரத்தில் ஸ்டாண்ட். என் பையிலிருந்த ஈரப்பதமானியை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். பத்து நிமிடத்தில் 19 வீதம் காட்டியது.

இந்த ஊரில் கழுத்தை வளைக்கிற ஆள் இதுதான். வெளியே கழித்தல் 20 பாகை என்றால், அந்தக் காற்றின் ஒரு கனமீற்றரில் அதிகபட்சம் ஒரு கிராம் நீராவிதான் இருக்கும். அதை வீட்டுக்குள் எடுத்து 21 பாகைக்குச் சூடாக்கினால், அதே காற்றால் 18 கிராம் தாங்க முடியும். இருப்பது ஒன்று. மிச்சத்தைச் சோற்றுப் பானையும் குளியலறையும் உங்கள் மூச்சும் கொஞ்சம் நிரப்பும், உங்கள் பேஸும் தன்னிடமிருந்ததைக் கொடுக்கும். ஆடி மாதம் வந்தால் மரம் எல்லாவற்றையும் திருப்பிக் குடித்து ஊதும். வருடத்துக்கு இரண்டு முறை கழுத்து அசையத்தான் செய்யும், கம்பியே இல்லாவிட்டாலும். அந்த பேஸை உட்சுவர்ப் பக்கம் மாற்றி, அறையில் ஒரு ஹியூமிடிஃபையர் வைத்து, மூன்று வாரம் கழித்துப் பார்த்தேன். மானியில் 42. ஃப்ரெட் முனைகள் உள்ளே போயிருந்தன. கழுத்துக்குக் கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. குப்பைக்குப் போன கம்பியைத்தான் திருப்பி எடுக்க முடியவில்லை.

மற்ற நம்பிக்கைகளை வேகமாகத் தாண்டிவிடுவோம்.

பிளாட்வூண்ட் போட்டவுடனே ஜேமர்சன் சத்தம் வந்துவிடும் என்பது ஒன்று. ஜேமர்சனுக்கு 1962 பிரிசிஷன், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் நுரைத்துண்டு, கம்பியைத் தட்ட ஒரே ஒரு சுட்டுவிரல், டிட்ராயிட் ஸ்டூடியோவில் அம்ப்ளிஃபையர் இல்லாமல் நேராக மேசைக்குப் போகிற வயர். இவ்வளவும் சேர்ந்த சத்தம் அது. முதலில் பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகி வாசித்துப் பாருங்கள். ஒரு டொலர் செலவு. பாதிப் பேருக்கு அதுவே போதும், கம்பி மாற்ற வேண்டியதில்லை.

பிளாட்வூண்ட் என்றாலே மங்கல் சத்தமாம். அயன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது பிளாட்வூண்ட்தான். 2007இல் பெங்களூருக்கு வந்தபோது கேட்டவர்களிடம் கேளுங்கள், அது மங்கலா என்று.

ஃப்ரெட் இல்லாத பேஸுக்குப் பிளாட்வூண்ட் கட்டாயமாம். ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் இல்லாத பேஸில் ரவுண்ட்வூண்டைத்தான் மாட்டினார், விரற்பலகைக்கு எபொக்சி பூசிவிட்டு.

கம்பியை மாற்றவே கூடாது, அழுக்கில்தான் ருசி என்பதும் ஜேமர்சன் பெயரால் ஓடுகிறது. அறுந்தால் ஒழிய அவர் மாற்றியதில்லை என்பது உண்மை. பிளாட்வூண்ட் வருடக்கணக்கில் உழைக்கும் என்பதும் உண்மை. ஆனால் வெறுங்கம்பியும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டும் ஒன்றோடொன்று சேராத நாள் வந்தால், பிரிட்ஜைச் சரிசெய்தும் சேராவிட்டால், அதை எடுத்து எறியுங்கள். பக்தி வேண்டாம்.

இளையராஜா பாட்டில் பேஸ் அப்படிப் பேசுவது பிளாட்வூண்டால்தான் என்று ஒருவர் அரை மணிநேரம் வாதாடினார். ராஜா எழுதிக் கொடுத்த சுரங்களும் அவற்றை பேஸில் வாசித்த சசிதரனின் விரல்களும் செய்த வேலைக்குக் கம்பிக்குப் பொன்னாடை போர்த்துகிறார். நான் தேத்தண்ணி குடிக்க எழுந்துவிட்டேன்.

என்ன வாங்குவது என்று கேட்பீர்கள். கழுத்து பலவீனமானதாக இருந்தாலோ விரலுக்கு மென்மை வேண்டுமென்றாலோ தோமாஸ்டிக். ரவுண்ட்வூண்டின் பளிச்சில் கொஞ்சம் மிஞ்ச வேண்டுமென்றால் டடாரியோ குரோம்ஸ். அறுபதுகளின் 'தும்' வேண்டும், ஆனால் கழுத்தோடு மல்லுக்கட்ட முடியாது என்பவர்களுக்கு லாபெல்லாவின் 43–104. அந்த 52–110ஐ, மாட்டியவுடனே கழுத்தைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் மட்டும் தொடுங்கள். அதற்கு நட்டின் பள்ளத்தையும் அகலமாக்க வேண்டிவரும், இல்லாவிட்டால் தடித்த கம்பி பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். கம்பி உடலூடாகப் பின்பக்கமிருந்து வருகிற பேஸானால், முன்பக்கப் பிரிட்ஜிலேயே மாட்ட வழியிருக்கிறதா என்று பாருங்கள். கூர்மையான வளைவு தட்டைக் கம்பிக்கு ஆகாது. மிஞ்சிய நுனியை வெட்டுமுன் அந்த இடத்தில் நன்றாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். நேராக வெட்டினால் நாடா குலைந்து, கம்பி முதல் நாளே செத்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், இருபது டொலருக்கு ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள். எந்தக் கம்பிக்கும் முன்னால். 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். மிருதங்கமோ வீணையோ வைத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊரிலிருந்து விமானக் கூலி கொடுத்து வீணை கொண்டுவருகிறோம், சரஸ்வதி பூசைக்குப் பொட்டு வைக்கிறோம், மிச்ச நாளெல்லாம் ஹீற்றரில் வாட்டுகிறோம்.

போன ஞாயிறு டொலார்-டே-ஓர்மோவில் ஒரு வீட்டுக்கு, அந்த வீட்டு மகனின் பேஸைப் பார்க்கப் போனேன். கழுத்து முறியப்போகிறது என்று அவனுக்கும் பயம். அவன் பேஸை எடுத்துவர மேலே போக, மூலையில் வீணையைக் கண்டேன். பலாக்கட்டை. குடமும் தண்டியும் பொருந்துகிற இடத்தில் நகம் நுழையுமளவு வெடிப்பு. நேர் கீழே ஹீற்றர். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "குளிரிலை விறைச்சுப்போகும், சூட்டிலை இருக்கட்டும் எண்டுதான் தம்பி அங்கை வைச்சனான்," என்றார். இருவருமாகத் தூக்கி, அடுத்த அறையின் உட்சுவரோரம் பாயில் கிடத்தினோம். பேஸைப் பிறகு பார்த்தேன். அதற்கு ஒன்றுமில்லை, கால் சுற்று.