பூல்ஸில் கட்டினாலும் கணக்கு கணக்குதான்

சிங்கப்பூரில் வார இறுதியானால் பிரிமியர் லீக் ஆட்டத்துக்கு ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி கட்டுகிறவர்கள் ஏராளம். கட்டுகிற இடம் சிங்கப்பூர் பூல்ஸ். 1968-ல் அரசு தொடங்கிய நிறுவனம் அது. அப்போது ஊரெங்கும் கள்ள லாட்டரி கொடிகட்டிப் பறந்தது. அதில் போகிற காசைச் சட்டத்துக்கு உள்ளே இழுப்பதுதான் நோக்கம். முதலில் டோட்டோ என்ற எண் குலுக்கல் வந்தது. கால்பந்துப் பந்தயம் 1999-ல் உள்ளூர் எஸ்-லீக் ஆட்டங்களோடு தொடங்கியது, 2016-ல் கைபேசிக்கும் வந்துவிட்டது. அரசின் பெயர் பின்னால் நிற்பதால் இந்தப் பந்தயத்தைப் பற்றிச் சில நம்பிக்கைகள் உலவுகின்றன. முழுப் பொய்யாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். இவையோ பாதி உண்மை.

“கவர்மென்ட் நடத்துது, நியாயமாத்தான் இருக்கும்”

ஜெயித்த பணம் கைக்கு வருமா என்பதுதான் கேள்வி என்றால், வரும். சீட்டைக் கொடுத்துவிட்டு ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் விலை நியாயமா என்பது வேறு கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் நடப்பில் பார்க்கக்கூடியவை. ஓர் ஆட்டத்தில் உள்ளூர் அணி ஜெயித்தால் ஆட்ஸ் 1.80 (கட்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் 1.80 திரும்பும்), டிராவுக்கு 3.30, வெளியூர் அணிக்கு 3.80 என்று வைத்துக்கொள்வோம். எது நடந்தாலும் 100 வெள்ளி கையில் வரவேண்டும் என்று மூன்றிலும் கட்டுகிறீர்கள். முதலாவதில் 55.56, இரண்டாவதில் 30.30, மூன்றாவதில் 26.32. கூட்டினால் 112 வெள்ளிக்கு மேல் வருகிறது. 112 கொடுத்து 100 வாங்குகிறோம்! அந்த 12 வெள்ளிதான் கடைக்காரரின் பங்கு. தனியார் கடையானாலும் அரசாங்கக் கடையானாலும் இந்தப் பங்கு இல்லாமல் பந்தயம் நடக்காது. உள்ளே சூது எதுவும் இல்லை, விலைப்பட்டியலிலேயே எல்லாம் பகிரங்கமாக இருக்கிறது. கூட்டிப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

“தனி ஆட்டத்தில் என்ன கிடைக்கும்? நாலைந்து ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டு”

ஐந்து வெள்ளி கட்டி ஐந்நூறு வாங்கியவரின் கதை எந்த வேலையிடத்திலும் ஒன்று இருக்கும். கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மேலே பார்த்த விலையில் ஓர் ஆட்டத்துக்கு 100 வெள்ளி கட்டினால் சராசரியாகத் திரும்புவது 89. மூன்று ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்தால் அது 71 ஆகிறது, ஐந்தைக் கோத்தால் 56. ஆட்டத்துக்கு ஆட்டம் கடைக்காரரின் பங்கும் சேர்ந்து பெருகுகிறது. பரிசு பெரிதாகத் தெரிகிற பந்தயத்தில்தான் வாங்குபவருக்கு நட்டம் அதிகம்.

“எனக்குக் கால்பந்து தெரியும்”

தெரிந்திருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த காயம், தடை, பயிற்சியாளர் மாற்றம் எல்லாம் ஆட்ஸ் போடுகிறவருக்கும் தெரியும். அதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண். ஆட்டம் தெரிந்தவர்கள் பலருக்குப் பந்தய விதி தெரிவதில்லை என்பதுதான் வேடிக்கை. வெற்றி–டிரா–தோல்வி பந்தயம் 90 நிமிடத்துக்கும் அதோடு சேரும் இஞ்சுரி டைமுக்கும் மட்டுமே. எக்ஸ்ட்ரா டைமும் பெனால்டியும் கணக்கில் வராது.

2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெஸ்ஸி கோப்பையைத் தூக்கினார். ஆனால் 90 நிமிட முடிவில் அர்ஜென்டினா 2, பிரான்ஸ் 2. அந்த ஆட்டத்துக்கு அர்ஜென்டினா என்று கட்டியவர் தோற்றார், டிரா என்று கட்டியவர் ஜெயித்தார். இது அபூர்வமும் அல்ல. 2006 முதல் 2022 வரை நடந்த ஐந்து இறுதியாட்டங்களில் நான்கு 90 நிமிடத்தில் சமனாகவே நின்றன. 2018-ல் பிரான்ஸ் குரோஷியாவை வென்றது மட்டும் விதிவிலக்கு.

2014 இறுதியாட்டமும் அந்த நான்கில் ஒன்று. அந்த ஆண்டு சிங்கப்பூரின் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் ஒரு விளம்பரம் எடுத்தது. நண்பர்கள் உலகக் கோப்பை பற்றிப் பேசிக்கொண்டிருக்க, ஒரு சிறுவன் மட்டும் சோகமாக, ஜெர்மனி ஜெயிக்க வேண்டும், என் சேமிப்பை எல்லாம் அப்பா அதன்மேல் கட்டிவிட்டார் என்கிறான். ஜெர்மனியோ அரையிறுதியில் பிரேசிலை 7–1 என்று நொறுக்கிக் கோப்பையையும் வென்றது! ஊரே சிரித்தது, அந்த அப்பாவிடம் டிப்ஸ் கேட்க வேண்டும் என்று கேலி பேசியது. மன்றம் விளம்பரத்தை மாற்றியது. புதிய வடிவில், சேமிப்பு திரும்பி வந்ததா என்று நண்பர்கள் கேட்க, அப்பா இன்னும் ஒரு முறை கட்டப் போகிறார் என்கிறான் பையன். சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கோட்சே கோல் போட்டது 113-வது நிமிடத்தில். கோப்பை யாருக்கு என்ற பந்தயத்தில் அப்பா கட்டியிருந்தால் பணம் வந்திருக்கும். அந்த ஒரு ஆட்டத்தின் வெற்றி–டிரா–தோல்விப் பந்தயத்தில் கட்டியிருந்தால், ஜெர்மனி ஜெயித்தும் சேமிப்பு போயிருக்கும்.

“தோற்றாலும் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது”

இதில் உண்மை உண்டு. பூல்ஸின் உபரி அரசு அமைப்பான டோட் போர்டு வழியாக அறப்பணிக்கும் கலைக்கும் விளையாட்டுக்கும் போகிறது. 1973-ல் காலாங்கில் திறந்த தேசிய விளையாட்டரங்குக்குப் பணம் திரட்டத்தான் 1969-ல் சிங்கப்பூர் ஸ்வீப் குலுக்கல் தொடங்கியது. ஆனால் கட்டுகிற காசில் பெரும்பங்கு முதலில் ஜெயித்தவர்களுக்குப் போகிறது. பிறகு வரி, அதற்குப் பிறகு நிர்வாகச் செலவு. மிஞ்சியதுதான் நல்ல காரியத்துக்கு. கொடுக்க மனமிருந்தால் அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்கு நேரே கொடுக்கலாம். வருமான வரியில் கழிவாவது கிடைக்கும்.

“பந்தயம்தான் சட்டப்படி ஆகிவிட்டதே, எங்கே கட்டினால் என்ன?”

சட்டப்படியானது உரிமம் உள்ள இடத்தில் கட்டுவது மட்டுமே. 2022-ன் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், கள்ளப் புக்கியிடம் கட்டுகிறவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆட்ஸ் கொஞ்சம் கூடுதல் என்று புக்கியிடம் போகிறார்கள். அவர்கள் உண்மையில் விற்பது கடனை. கையில் காசில்லாமலே கட்டலாம், வாரக் கடைசியில் கணக்கு. பூல்ஸில் பணம் கொடுத்தால்தான் சீட்டு.

வீட்டில் உறவும் நட்பும் கூடி நேருக்கு நேர் சின்னதாக விளையாடுவதற்கு விலக்கு இருக்கிறது. அதே நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் பணம் வைத்தால் அந்த விலக்கு பொருந்தாது. இணையத்தில் யார் உண்மையான நண்பர் என்று நிறுவ முடியாது என்பது அரசு சொன்ன காரணம்.

“நினைத்தால் நிறுத்திவிடலாம்”

நிறுத்த முடிகிறவர்கள் உண்டு. முடியாதவர்கள் தேசிய மன்றத்திடம் சுயவிலக்கு கேட்கலாம். அது கேசினோவுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பூல்ஸின் இணையக் கணக்கையும் அதன்மூலம் மூடலாம். கணக்கு வைத்திருப்பவர் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வரம்பும் போட்டுக்கொள்ள வேண்டும். இணையக் கணக்குக்கு 21 வயதாக வேண்டும், கடைக்கு 18 போதும். கடையில் ரொக்கமாகக் கட்டுகிறவரிடம் வரம்பு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.