யாரைத் தலைவராக்கப் போகிறீர்கள், மகள்?

அன்புள்ள மகள்,



காதும் கேளாமல் கண்ணும் மங்கிப்போகிற பிள்ளைகளுக்காக ஒலுவிலில் ஒரு தொண்டர் சங்கம் தொடங்கப்போவதாக நீங்கள் அனுப்பிய திட்டம் மாமாவின் கைக்கு வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தில் கட்டட வரைபடம், அடுத்த பக்கத்தில் போஷகர்களின் பெயர்ப் பட்டியல். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. எண்ணம் நல்லது. வரிசைதான் பிழைத்திருக்கிறது.

கட்டடத்தைப் பற்றி ஒலுவில்காரருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. டென்மார்க்கிலிருந்து வந்த கடனில் கட்டி, 2013 செப்டம்பரில் திறந்துவைத்த துறைமுகம் கண்முன்னே கிடக்கிறது. வாயிலை மண் மூடியது. வடக்குப் பக்கக் கரையைக் கடல் அரித்துத் தின்றது. எந்தப் பருவத்தில் மணல் எந்தப் பக்கம் ஓடும் என்று கரைவலைக்காரரிடம் முதலில் கேட்டிருக்கலாம் என்ற பேச்சு இன்றும் கரையில் ஓயவில்லை.

நீங்கள் செய்ய நினைக்கிற வேலையை உலகத்தில் முன்பே செய்தவர்கள் இருக்கிறார்கள். 1955இல் இங்கிலாந்தில் பெகி ஃப்ரீமன், மார்கரெட் புரோக் என்ற இரண்டு தாய்மார் சேர்ந்து தொடங்கியதுதான் ‘ருபெல்லா குழு’. வயிற்றில் இருக்கும்போது தாய்க்கு ருபெல்லா என்ற ஜேர்மன் சின்னமுத்து வந்ததால் கேள்வியும் பார்வையும் பாதிக்கப்பட்டுப் பிறந்த பிள்ளைகளின் குடும்பங்கள் அதில் சேர்ந்தன. ஏறக்குறையப் பத்துக் குடும்பங்கள். பிள்ளைக்கு எப்படிச் சோறு ஊட்டுவது, எதைத் தொட்டுக் காட்டினால் தாய் வந்திருப்பது அதற்கு விளங்கும் என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட அனுபவமே அந்தக் குழுவின் முதல் சொத்து. இன்றைக்குப் பிரித்தானியாவில் ‘சென்ஸ்’ என்ற பெயரில் இயங்கும் பெரிய தொண்டு நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அந்த நோய்க்கும் பிள்ளைகளின் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பை வைத்தியர்கள் அறிந்த விதமும் கேட்கத் தகுந்தது. 1941இல் சிட்னியின் கண் வைத்தியர் நோர்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் தொடர்ந்து வருவதைக் கவனித்தார். காத்திருந்த தாய்மார் இருவர், தங்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஜேர்மன் சின்னமுத்து வந்ததைப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாகச் சொல்வார்கள். தாய்மாரின் பேச்சு வைத்தியத்துக்கு வழி காட்டியது.

தடுப்பூசி வந்ததும் அந்த நோய் குறைந்தது; இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்தது. இங்கிலாந்துத் தாய்மார் அதோடு கடையைச் சாத்தவில்லை. எந்தக் காரணத்தால் என்றாலும் இரண்டு புலனையும் இழந்த எல்லாருக்குமாகக் கதவைத் திறந்தார்கள். ஆகவே, ஒரு நோயின் பெயரை மட்டும் சங்கத்துக்கு வைத்து அடைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தியாவில் பெரோஸ் வாச்சா என்ற அம்மையார் 1977இல் மும்பாயில் இத்தகைய பிள்ளைகளுக்கென ஹெலன் கெல்லர் நிறுவனத்தைத் தொடங்கினார். இருபது வருடம் கழித்து, 1997இல், அகமதாபாத்தில் சென்ஸ் இண்டியா உருவானது. அவர்கள் அமைத்த மூன்று வலையமைப்புகளைக் கவனியுங்கள்: குடும்பங்களுக்கு ‘பிரயாஸ்’, பாதிக்கப்பட்டவர்களுக்கே ‘உடான்’, ஆசிரியர்களுக்கு ‘அபி பிரேரணா’. பெற்றோரும் பிள்ளைகளும் உதவி வாங்க வரிசையில் நிற்கிறவர்களாக மட்டும் இருந்துவிடாமல், தங்களுக்கென்று ஒரு சபையும் குரலும் உள்ளவர்களாக ஆனது அப்படித்தான். இலங்கையில் மேரி சப்மன் 1912இல் தெஹிவளையில் தொடங்கி, பின்பு இரத்மலானையில் நிலைத்த பாடசாலை செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்கும் வழி திறந்தது. ஆனால் கேள்வியும் பார்வையும் இல்லாத பிள்ளைக்கு அந்த இரண்டு வழியில் எதுவும் முழுதாகப் பொருந்தாது. சைகையைக் கண் வாங்காது, பேச்சைக் காது வாங்காது. கைக்குள் கை வைத்துச் செய்யும் சைகையும் உள்ளங்கையில் எழுதும் எழுத்தும்தான் அதற்கு மொழி.

இனி, நீங்கள் எழுதியிருந்த, கேள்வியோடு பார்வையையும் பறிக்கும் அஷர் நோய்க்கு வருவோம். ஸ்கொட்லாந்தின் கண் வைத்தியர் சார்ள்ஸ் அஷர் இது பரம்பரையாக வருவதென்று 1914இல் எழுதியதால் அவர் பெயர் நிலைத்தது. இலட்சம் பேரில் 4 முதல் 17 பேருக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு. அம்பாறை மாவட்டத்தின் சனத்தொகையை ஆறரை இலட்சம் என்று கொண்டாலும், ஏறத்தாழ இருபத்தாறு பேரிலிருந்து நூற்றுப் பத்துப் பேர் வரை. செவிப்புலனற்ற பிள்ளைகள் நூறு பேரில் 3 முதல் 6 பேருக்கு இது இருக்கிறது என்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் சங்கத்தின் முதல் வேலை. அதற்குக் கட்டடம் வேண்டாம், இரண்டு கேள்வி போதும்.

காது கேளாத பிள்ளை எந்த வயதில் நடந்தது? மஃரிபுக்குப் பிறகு, இருட்டியதும் தட்டுத் தடுமாறுகிறதா? முதல் வகை அஷரில் காதின் சமநிலைப் பகுதியும் வேலை செய்யாது. பிள்ளை ஒன்றரை வயது தாண்டித்தான் நடக்கும். பத்து வயதுக்குள் இரவுப் பார்வை குறையத் தொடங்கும். இரண்டாம் வகையில் நடை பிந்தாது, கேள்வியும் ஓரளவு இருக்கும். பார்வைக் குறை பெரும்பாலும் பதின்ம வயதில் தெரியவரும். விழித்திரை ஓரத்திலிருந்து உள்ளே கெட்டுக்கொண்டு வருவதால், கடைசியில் ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். நம் வீடுகளில் மாலைக்கண் என்றவுடன் முருங்கைக் கீரையும் பப்பாசியும் கொடுப்பார்கள். கொடுக்கட்டும், அதில் பிழையில்லை. ஆனால் காது கேளாமையும் மாலைக்கண்ணும் ஒரே பிள்ளையில் சேர்ந்து வந்தால், கீரையோடு நிற்காமல் கண் வைத்தியரிடம் விழித்திரைச் சோதனை செய்யவேண்டும். பூரண குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. இருந்தாலும் முன்கூட்டியே தெரிந்தால், கண் இருக்கும்போதே சைகையையும் பிரெயிலையும் பிள்ளை படித்துவிடும். காதுக்குள் பொருத்தும் கொக்லியர் கருவியைப் பற்றியும் காலத்தோடு முடிவெடுக்கலாம்.

இப்போது சங்கடமான விசயம். தாய், தகப்பன் இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமி மகள், மாமா மகன் என்று உறவுக்குள் கட்டிவைப்பது நம் பக்கம் வழமை. அந்த வாய்ப்பு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நீங்கள் வாசலில் கால் வைத்ததும் அதைச் சொன்னால், அந்தத் தாய் உங்களை மறுமுறை உள்ளே விடமாட்டாள். ஒரு பிள்ளையின் நோய் வெளியில் தெரிந்தால், தங்கச்சிமாரின் கலியாணம் தடைப்படும் என்று பயந்துதான் பல வீடுகளில் மறைக்கிறார்கள். அதனால் பெயர்க் கொப்பி ஒருவரின் பொறுப்பில் பூட்டியிருக்கட்டும். நோன்பு மாதம் சாமான் பை கொடுக்கும்போது பிள்ளையைப் படம் பிடித்து முகநூலில் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். மரபணு விளக்கத்தை வைத்தியர் சொல்லட்டும், உங்கள் வேலை கூடப் போய் இருப்பது.

திட்டத்தில் செப்டம்பர் மாதத்து ஊர்வலம் ஒன்றும் இருந்தது. அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய அஷர் கூட்டமைப்பு, செப்டம்பர் மூன்றாம் சனியை விழிப்புணர்வு நாளாக்கியது. அவர்கள் நாட்டில் அதற்குப் பிறகு பகலைவிட இருட்டு நீளும், அதனால் அந்த நாள் பொருந்தும். நமக்குப் பகலும் இரவும் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஊர்வலத்தை விட்டுவிட்டு, அட்டாளைச்சேனைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும், வீடு வீடாகப் போகிற குடும்பநல உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையும், அவர்களின் உரிமைகளுக்காக 2016இல் நாடு ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தையும் வாசித்துவிட்டுப் போங்கள். பேச்சுக்குப் பலம் கிடைக்கும்.

தலைமைப் பதவிக்கு ஓய்வுபெற்ற அதிபரையும் பள்ளிவாசல் நிர்வாகியையும் குறித்திருந்தீர்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் கண் தெரியாத ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் அவர்கள் பஜ்ருக்கு பாங்கு சொன்னதை நாம் சின்ன வயதிலேயே ஓதினோம். நபி (ஸல்) அவர்கள் வெளியே போன வேளைகளில் மதீனாவின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்ததையும் ஓதினோம். அப்படியிருக்க, நம் சங்கத்தில் மட்டும் பாதிக்கப்பட்டவர் ஏன் பயனாளியாகவே இருக்கவேண்டும்? நிர்வாகத்தில் பாதி இடம் பெற்றோருக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் என்று யாப்பிலேயே எழுதுங்கள். பொருளாளர் ஒரு தாயாக இருக்கட்டும். தொண்டுக்கு வரும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் படிப்பு முடிந்து ஊர் போய்விடுவார்கள், தாய் போகமாட்டாள்.

முதல் கூட்டத்தை மஃரிபுக்குப் பிறகு என்று போட்டிருக்கிறீர்கள். அதை லுஹர் தொழுகைக்குப் பின்னால் மாற்றுங்கள். இருட்டினால் அந்தப் பிள்ளைகள் நடந்து வரமுடியாது. சைகை மொழி தெரிந்த ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். வெளிச்சம் அவர் முகத்திலும் கையிலும் விழும்படி நிறுத்துங்கள், ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது. திருத்திய யாப்பை மாமாவுக்கு அனுப்பி வையுங்கள், பார்த்துத் தருகிறேன்.

துஆவுடன்,
மாமா