காதடி வீக்கம்: உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அவற்றின் நோய்களும்

காதுக்குக் கீழே, தாடையின் மூலையில் தோன்றும் வீக்கத்திற்குத் தமிழ்நாட்டில் பொதுவாக வழங்கும் பெயர் பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் பொற்சங்கிலி அணிவித்தால் வீக்கம் வடியும் என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்த பெயர் இது. ஒரு வாரம் அல்லது பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடுவதும் உண்மையே. சங்கிலி அணியாத குழந்தைக்கும் அவ்வாறே வடிகிறது. கேரளத்தில் முண்டிநீர் என்றும், இந்தி வழங்கும் மாநிலங்களில் கல்சுவா என்றும் இந்நோய் அழைக்கப்படுகிறது.

பெயரில் தீங்கில்லை. ஆனால் காதடியில் எழும் வீக்கங்கள் அனைத்தும் இந்த ஒரே பெயருக்குள் அடக்கப்படுவதுதான் தீங்கு. சுரப்பிக் குழாயில் உருவான கல், சீழ்க்கட்டு, கழுத்து நிணநீர்க் கணுக்களைப் பற்றும் காசநோயாகிய கண்டமாலை, சுரப்பியில் மெல்ல வளரும் கட்டி ஆகியவையும் ஏறத்தாழ அதே இடத்தில் தோன்றுபவை. தானே வடியும் என்று காத்திருக்கத்தக்கது இவற்றுள் ஒன்று மட்டுமே. சுரப்பிகளின் அமைப்பை அறிந்த நலப்பணியாளர் ஒருவர், விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, கண்ணாலும் விரலாலும் சில கேள்விகளாலும் இவற்றைப் பெருமளவு பிரித்தறிய முடியும்.

சுரப்பிகளின் அமைப்பு

மனிதனுக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் 3 இணைகள் உள்ளன. இவற்றுள் மிகப் பெரியது பரோடிட் எனப்படும் செவியடிச் சுரப்பி. ஏறத்தாழ 15 முதல் 30 கிராம் எடையுள்ள இது, காதின் முன்புறத்திலும் அடிப்புறத்திலும் படர்ந்து, உறுதியான உறை ஒன்றினால் மூடப்பட்டிருக்கிறது. உறை எளிதில் விரியாது; ஆகவே சுரப்பி திடீரென வீங்கும்போது கடும் வலி உண்டாகிறது. இதன் குழாய் கன்னத்தின் வழியே முன்னோக்கிச் சென்று, மேல்வரிசையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே திறக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் 1660 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஆட்டுத் தலையை அறுத்து ஆராய்ந்தபோது கண்டறிந்த குழாய் இதுவே; அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

இச்சுரப்பியின் ஊடாக முகநரம்பு நுழைந்து 5 முக்கியக் கிளைகளாகப் பிரிகிறது. கண்ணை மூடுவதும் சிரிப்பதும் இந்நரம்பின் பணிகள். சுரப்பிக்கும் இந்நரம்பிற்கும் உமிழ்நீர் சுரத்தலில் தொடர்பு எதுவுமில்லை, வழித்துணை மட்டுமே. ஆயினும் இவ்விடத்தில் கத்தி வைக்கும் அறுவை மருத்துவர் முதலில் தேடிக் காப்பது இந்நரம்பைத்தான்.

கீழ்த்தாடைச் சுரப்பி தாடை எலும்பின் உட்புறத்தில் அமைந்தது. இதன் குழாய் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளமுள்ளது. நாக்கின் அடியில், நடுநரம்பின் இருபுறமும் திறக்கிறது. நாவடிச் சுரப்பி மூன்றிலும் சிறியது. இவையன்றி உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றின் உட்பரப்பில் 600 முதல் 1,000 வரை நுண்சுரப்பிகள் பரவியுள்ளன.

நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. இதில் 99 விழுக்காட்டிற்கு மேல் தண்ணீரே. எஞ்சிய சிறு பகுதிதான் மாவுப் பொருளைச் செரிக்கத் தொடங்குகிறது, கிருமிகளைத் தடுக்கிறது, அமிலத்தைத் தணித்துப் பற்களுக்குக் கால்சியத்தைத் திருப்பி அளிக்கிறது. உறக்கத்தின்போது சுரத்தல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. படுக்கைக்குச் செல்லும்போது குழந்தைக்கு இனிப்பூட்டிய பால் புகட்டுவதைப் பல் மருத்துவர்கள் கண்டிப்பதன் காரணம் இதுவே.

சுரத்தல் முழுவதும் நரம்பு மண்டலத்தின் ஆணைக்கு உட்பட்டது. இதற்குச் சான்று நம் நாட்டு மருத்துவமனைகளிலேயே காணக்கிடக்கிறது. ஊமத்தை விதையை உண்டவருக்கு நா வறண்டு ஒட்டிக்கொள்கிறது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லியை உண்டவருக்கோ வாயில் நீர் நில்லாது பெருகுகிறது. முன்னதில் உள்ள அட்ரோபின் வகை நஞ்சு நரம்பின் ஆணையைத் தடுக்கிறது. பின்னது அதைக் கட்டுக்கடங்காமல் பெருக்குகிறது. ஆகவேதான் பூச்சிக்கொல்லி நஞ்சுக்கு அட்ரோபின் முறிமருந்தாகப் பயன்படுகிறது.

பொன்னுக்கு வீங்கி

இது வைரசால் விளையும் தொற்றுநோய். இருமல், தும்மல், எச்சில் வழியே பரவுவது. தொற்று ஏற்பட்டதிலிருந்து பெரும்பாலும் 16 முதல் 18 நாட்களில் வெளிப்படுகிறது. காய்ச்சல், உடல்வலி, பின்னர் ஒரு காதடியில் வீக்கம், ஓரிரு நாளில் மறு காதடியிலும் வீக்கம் என்பது வழக்கமான போக்கு. ஒரு பக்கம் மட்டும் வீங்குவதும் உண்டு. வீக்கம் தொடங்கிய 5 நாட்கள் வரை குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாகாது. வீக்கம் தோன்றுமுன்பே நோய் பரவத் தொடங்கிவிடுவதால் இத்தடை மட்டுமே போதுமானதன்று.

வைரசைக் கொல்லும் மருந்து இதற்கில்லை. ஓய்வு, நீராகாரம், வலி தணிக்கும் மருந்து ஆகியவை போதும். பருவமடைந்த ஆண்களுக்கு விதைப்பை வீக்கம் ஏற்படலாம். அதனால் முழு மலட்டுத்தன்மை விளைவது அரிது. மூளை உறை அழற்சியும், ஒரு காதில் நிலையான செவிட்டுத்தன்மையும் வேறு விளைவுகள். செவிட்டுத்தன்மை பெரும்பாலும் ஒரு காதோடு நின்றுவிடுவதால் குழந்தை அதைக் கூறுவதில்லை; பெற்றோரும் அறிவதில்லை.

தடுப்பூசி 1967 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பயன்பாட்டிற்கு வந்தது. தட்டம்மை, ருபெல்லா ஆகியவற்றோடு இதையும் சேர்த்த மும்முனைத் தடுப்பூசியை இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் பரிந்துரைக்கிறது. ஆனால் 2017 ஆம் ஆண்டு முதல் தேசியத் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்ட ஊசி, தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் மட்டுமே உரியது. 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேரளத்தில் இந்நோய் பெருமளவு பரவியபோது இவ்விடுபாடு மீண்டும் விவாதத்திற்கு வந்தது.

இந்நோயால் மரணம் நேர்வது மிக அரிது. பற்றாக்குறை நிதியை உயிர் பறிக்கும் நோய்களுக்கே முதலில் செலவிட வேண்டும் என்பது ஒரு வாதம். மற்றொரு வாதம் நுட்பமானது. குறைந்த அளவு குழந்தைகளுக்கு மட்டும் ஊசி போட்டால், நோய் முற்றிலும் நிற்காமல், தாக்கும் வயது மட்டும் தள்ளிப்போகும். வயது கூடக்கூடச் சிக்கல்கள் மிகும். எனவேதான் 80 விழுக்காட்டிற்கு மேல் தொடர்ந்து ஊசி போடும் திறனுள்ள நாடுகளுக்கே உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. இந்த இரண்டாம் வாதம் மறுக்கற்பாலதன்று. ஆயின் தட்டம்மை ஊசியின் பரப்பு அந்த அளவை எட்டியுள்ள மாவட்டங்களில் அதன் வலிமை குன்றுகிறது. முதல் வாதமோ மரணத்தை மட்டுமே கணக்கில் கொண்டு, பதிவேட்டில் ஏறாத செவிட்டுக் காதுகளை விட்டுவிடுகிறது.

கல்லும் சீழும்

உணவைக் கண்டவுடன் அல்லது புளிப்பைச் சுவைத்தவுடன் தாடையடியில் வீக்கமும் வலியும் தோன்றி, ஓரிரு மணி நேரத்தில் அடங்குமாயின் அது குழாயில் அடைத்த கல் எனப் பெரும்பாலும் துணியலாம். இத்தகைய கற்களில் பத்தில் எட்டுக்கு மேல் கீழ்த்தாடைச் சுரப்பியிலேயே உண்டாகின்றன. அதன் குழாய் நீண்டது, மேல்நோக்கி ஏறுவது, அதன் நீர் கெட்டியானது, கால்சியம் மிகுந்தது. ஒரு விரலை வாயினுள் நாவடியிலும் மறுகையைத் தாடைக்கு வெளியிலும் வைத்து அழுத்திப் பார்த்தால் கல் பல சமயம் கைக்குத் தட்டுப்படும். சிறு கற்கள் மிகுதியான நீர் அருந்துவதாலும், சுரப்பியை நீவிவிடுவதாலும், புளிப்பு சுவைப்பதாலும் வெளியேறக்கூடும்.

முதியவர், அறுவைச் சிகிச்சை முடிந்தவர், நீர்ச்சத்து இழந்தவர் ஆகியோருக்கு உமிழ்நீர் ஓட்டம் குன்றும்போது வாய்க்கிருமிகள் குழாய் வழியே ஏறிச் சீழ் பிடிக்கச் செய்கின்றன. கன்னத்தை அழுத்தினால் குழாய் வாயில் சீழ் வெளிப்படும். இது காத்திருக்கத்தக்க நோயன்று.

கட்டிகள்

வலியில்லாமல், ஒரே பக்கத்தில், மாதக்கணக்கில் வளரும் வீக்கமே மிகுந்த கவனத்திற்குரியது. வலியின்மையே நோயாளியை வீட்டில் இருத்திவிடுகிறது. கட்டிகளில் பெரும்பாலானவை செவியடிச் சுரப்பியில் தோன்றுகின்றன. அவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு புற்றல்லாதவை. சுரப்பி சிறிதாகச் சிறிதாகப் புற்றின் விகிதம் கூடுகிறது என்பது நினைவில் கொள்ளத்தக்க விதி. கீழ்த்தாடைச் சுரப்பியில் ஏறக்குறையப் பாதியும், நுண்சுரப்பிகளில் அதனினும் மிகுதியும் புற்றாக இருக்கலாம். அண்ணத்தில் எழும் சிறு முடிச்சை அற்பமெனக் கருதலாகாது. வீக்கத்தோடு வாய் கோணுதல், கண் மூட இயலாமை ஆகியவை சேர்ந்தால் முகநரம்பு தாக்கப்பட்டுள்ளது என்பது பொருள். அன்றே மேல்மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மெல்லிய ஊசியால் திசுநீர் எடுத்து ஆய்தல் செலவு குறைந்த சோதனை. கண்டமாலையையும் கட்டியையும் பிரித்தறிய இது பெரிதும் உதவும். புற்றல்லாத கட்டியையும் வெறுமனே தோண்டி எடுத்தல் தவறு. உறைக்கு வெளியே எஞ்சும் துணுக்குகளிலிருந்து அது பல இடங்களில் மீண்டும் முளைக்கும். சுற்றியுள்ள சுரப்பிப் பகுதியோடு அகற்றுவதே முறை.

வாய் வறட்சி

சர்க்கரை நோய், ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மருந்துகள், நடுவயதுப் பெண்களை மிகுதியும் தாக்கும் ஷோகிரன் நோய் ஆகியவை வறட்சிக்குக் காரணங்கள். இந்தியாவில் மற்றொரு காரணம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று மிகுந்த நாடு இது. தலைக்கும் கழுத்துக்கும் கதிரியக்கச் சிகிச்சை பெறுவோர் ஏராளம். கதிர் புற்றோடு சுரப்பிகளையும் அழிக்கிறது. புற்று குணமான பின்னரும் சோற்றை விழுங்க ஒவ்வொரு கவளத்திற்கும் தண்ணீர் தேவைப்படும்; பற்கள் விரைவில் சிதையும். கதிரின் செறிவை இடத்திற்கேற்ப மாற்றும் புதிய முறையில் செவியடிச் சுரப்பியைப் பெருமளவு காக்க இயலும். பழைய கோபால்ட் எந்திரத்தால் அது கைகூடாது. எந்திரம் எதுவாயினும், சிகிச்சை தொடங்குமுன் பழுதுற்ற பற்களைச் சீர் செய்தலும் அகற்றலும் இன்றியமையாதவை. கதிர்பட்ட தாடையில் பின்னர் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும்.