ஸ்பெயினின் வாசலில் ஒரு சாண்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்குத் தரைவழியே செல்வோர் பிரனீஸ் மலைத்தொடரைக் கடந்தாக வேண்டும். மலையின் இரு முனைகளிலும் கடலை ஒட்டி வழி உண்டு. மேற்கே ஆந்தாய், இரூன் என்னும் எல்லை ஊர்கள். கிழக்கே செர்பேர், போர்ட்பூ. காரிலோ பேருந்திலோ செல்பவர் ஏறிய வண்டியிலேயே பார்சலோனா போய் இறங்கலாம். ரயிலுக்குத்தான் மலையைவிடப் பெரிய தடை ஒன்று நெடுங்காலம் இருந்தது. அதன் அளவு ஏறத்தாழ ஒரு சாண்!

பிரான்சில் தண்டவாளங்களின் இடைவெளி 1435 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பழைய பாதைகளில் அது 1668. (நம் அகலப்பாதை 1676. இவ்வகையில் ஸ்பெயினுக்குப் பிரான்சைவிட நாமே நெருங்கிய உறவு.) மீண்டும் பிரெஞ்சுப் படை வந்துவிடும் என்று அஞ்சியே ஸ்பெயின் இவ்வாறு செய்தது என்பர். சுவையான கதைதான். ஆனால் 1844இல் பொறியாளர்கள் அரசுக்கு அளித்த அறிக்கை வேறு காரணம் கூறுகிறது. மலைநாட்டில் ஏற்றம் ஏற வலிய எஞ்சின் வேண்டும். அதற்குப் பெரிய கொதிகலன் வேண்டும். அதைத் தாங்க அகன்ற பாதை வேண்டும். எஞ்சினைப் பற்றி இவ்வளவு எண்ணியவர்கள், எல்லையில் சரக்கு என்ன ஆகும் என்பதையும் சற்று எண்ணியிருக்கலாம்.

அந்த ஒரு சாணைத் தோளில் சுமந்தவர்கள் பெண்கள். ஸ்பெயினிலிருந்து வந்த ஆரஞ்சுப் பழங்களைச் செர்பேரில் கூடை கூடையாக ஒரு வண்டியிலிருந்து மறு வண்டிக்கு மாற்றியவர்கள் அவர்களே. 1906இல் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தமும் செய்தனர். ரயில் வரலாறு படிக்கும் நாம் எஞ்சின் செய்தவர்களை அறிந்த அளவுக்கு இவர்களை அறியோம்.

பயணிகளுக்கு விடை தந்தது டால்கோ என்னும் ஸ்பானிய ரயில். சாதாரண ரயில் பெட்டியில் இரு சக்கரங்களும் ஓர் அச்சில் இறுக்கப்பட்டிருக்கும். அவற்றை விலக்கவோ நெருக்கவோ இயலாது. டால்கோவில் இரண்டையும் இணைக்கும் அச்சே இல்லை. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே சுழலும். எல்லையில் ரயில் மெல்ல ஊர்ந்து ஒரு மேடையைக் கடக்கும். அங்கே பக்கவாட்டுத் தாங்கிகள் பெட்டியின் எடையை ஏற்றுக்கொள்ளும். உராய்வைக் குறைக்க நீர் தெளிப்பர். எடை நீங்கிய சக்கரத்தின் பூட்டு திறக்கும். வழிகாட்டிச் சட்டம் அதைப் புதிய அகலத்துக்குத் தள்ளும். பூட்டு மீண்டும் விழும். பயணி இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. 1969 முதல் பார்சலோனாவுக்கும் ஜெனீவாவுக்கும் இடையே இவ்வாறு ரயில் ஓடியது. உராய்வு, எடைப் பகிர்வு என்று நாம் தேர்வுக்கு எழுதுபவைதாம் இவை!

பின்னர் ஸ்பெயின் தன் அதிவேகப் பாதைகளை 1435 அளவிலேயே அமைத்தது. மலையைத் துளைத்த 8 கிலோமீட்டருக்கும் மேலான பெர்த்தூஸ் சுரங்கத்தின் வழியே, 2013 டிசம்பரில் பாரிசுக்கும் பார்சலோனாவுக்கும் நேரடி அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. இப்போது பார்சலோனா செல்பவருக்கு எளிய வழி அதுவே. பழைய பாதைகளின் அகலம் மட்டும் மாறவில்லை. பிரனீஸ் மலைமேல், பிரெஞ்சு எல்லைக்குள் உள்ள லத்தூர் தெ கரோல் நிலையத்தில் 1668, 1435, 1000 என மூன்று அகலங்களையும் ஒரே இடத்தில் காணலாம்.