அடிவாரக் காடு தரும் பருவப் பாடம்

சோழபுரம் வட்டார விவசாயிகளுக்கு மேற்கே தெரியும் மலை புதிதல்ல. ஆனால் மலையும் வயலும் சந்திக்கும் அடிவாரத்தை வெறும் முள்காடு என்றே பலர் எண்ணுகிறார்கள். உடைமரமும் வெள்வேலும் புல்லும் மண்டிய இக்காட்டைப் பருவமறிந்து பார்த்தால், சொந்தத் தோட்டத்தில் எதை அழிக்காமல் விட வேண்டும் என்பது விளங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள செண்பகத்தோப்பு இதற்கு ஏற்ற இடம். இந்த வனப்பகுதி 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் மேகமலையுடன் சேர்ந்து தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயிற்று. வனத்துறை அனுமதியுடன் காலை நேரத்தில் செல்வது நலம்.

மழை, பனிக்காலம்

ஐப்பசி வாக்கில் வடநாட்டிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து சேரும். காலையும் மாலையும் சீழ்க்கை அடிப்பதுபோல் குரல் கொடுக்கும். புதரடியிலும் தோப்புகளிலும் சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைப் பொறுக்கித் தின்னும். சருகைக் கூட்டி எரித்த தோப்பில் அதற்கு இரை இல்லை. மரத்தடியில் சருகு கிடந்தால் ஈரம் காக்கும், மட்கி எருவாகும், குருவிக்கும் இடமாகும்.

இதே காலத்தில் வடக்கிலுள்ள குளிர் நாடுகளிலிருந்து பூனைப்பருந்துகள் தென்மாவட்டங்களின் திறந்த வெளிகளுக்கு வருகின்றன. தரையை ஒட்டித் தாழப் பறந்து வெட்டுக்கிளிகளையும் எலிகளையும் பிடிக்கும். இரவில் புல்வெளியில் தரையிலேயே தங்கும். தரிசுப் புல்லுக்குத் தீ வைத்தால் தங்குமிடம் போய்விடும்.

கோடைக்காலம்

சாம்பல் நிற அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. தரையில் இறங்க விரும்பாது. கிளைவிட்டுக் கிளை தாவியே செல்லும். ஓடைக்கரை மரங்களும் அடிவாரத்து மா, புளியந்தோப்புகளும் அதன் பாதை. நடுவில் நாலு மரத்தை வெட்டினால் பாதை அறுந்துவிடும். ஓடைக்கரையும் அரித்துப் போகும். மாங்காயைக் கடித்துச் சிறிது நட்டம் செய்வதும் உண்மையே.

மாம்பழக் காலத்தில் யானைகளும் தோப்புக்கு இறங்குவதுண்டு. பழுத்த காய்களை மரத்தில் விட்டு வைக்காமல் பறித்து, உதிர்ந்தவற்றை அன்றாடம் அப்புறப்படுத்த வேண்டும். வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரையும் அது கொன்றுவிடும். சேதம் நேர்ந்தால் உடனே வனச்சரக அலுவலகத்தில் தெரிவித்து இழப்பீட்டுக்கு மனுச் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியது

தோப்பில் சருகு, வரப்போரம் சிறிது புல், ஓடைக்கரையில் மரம்: இம்மூன்றையும் அழிக்காமல் விடுவதற்குக் காசு செலவில்லை. இதனால் பூச்சி அடியோடு ஒழிந்துவிடாது. ஆனால் பூச்சியைத் தின்ன வரும் பறவைகள் அடுத்த ஐப்பசியிலும் நம் நிலத்தைத் தேடி வரும்.